மாப்பிள்ளை வைத்த பெட்டி

மார்ச் 3, ஞாயிறு

டாக்டர் சொல்லி வாங்கிய டைரி இது. தினமும் ரத்த அழுத்தத்தைப் பார்த்து எழுதி வைக்கச் சொன்னார். இன்றைக்கு அதிகம். காரணத்தையும் எழுதினால்தானே அவருக்குப் புரியும்? காரணம் மாப்பிள்ளை.

வீட்டில் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வைக்க வேண்டும் என்று கொஞ்ச நாளாகப் பேச்சு. தாரணிக்காகத்தான். என் மகள் காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அறிவியல் பாடம் முழுவதையும் சைகை மொழியில் வீடியோவாக எடுத்து வைத்திருக்கிறாள். மூன்று வருஷ வேலை. கேமரா பிடித்தது இவள், சைகை செய்தது கூட வேலை பார்க்கும் எமில்டா டீச்சர். அந்தம்மாவுக்கும் காது கேட்காது, பிறந்ததிலிருந்து கையால் பேசுகிறவர். அவர் கை பேசுகிற மாதிரி தனக்கு இந்த ஜென்மத்தில் வராது என்பாள் தாரணி. பொங்கல் சமயத்தில் அவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்தும் விரல்கள் சரியாக மடங்கவில்லை. ஆக, எடுத்தது எடுத்ததுதான். இனி அந்தக் கையை வைத்து எடுக்க முடியாது. ஜூன் மாதம் பள்ளி திறந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வீடியோக்கள்தான் பாடம்.

அவ்வளவும் இப்போது நாலைந்து போர்ட்டபிள் டிஸ்க்கில் சிதறிக் கிடக்கிறது. ஒரே இடத்தில் பத்திரமாக வைத்து, வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் எடுத்து எடிட் செய்ய வேண்டும். இவ்வளவுதான் வேலை. மில்லில் எலெக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவன், அதற்கப்புறம் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் சாஃப்ட்வேரை உட்கார்ந்து கற்றுக்கொண்டவன், நான் ஒருத்தன் வீட்டிலேயே இருக்கிறேன். என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாப்பிள்ளை யுவராஜ் ஐ.டி. கம்பெனியில் சர்வர் பார்க்கிறார். அவரே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, சாப்பிடும்போது எனக்குத் தகவல் சொல்கிறார்.

போன வருஷத்திலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறார். வீட்டோடு மாப்பிள்ளை என்று நான் சொல்லவில்லை. வடவள்ளி ஊரே சொல்கிறது.

மார்ச் 5, செவ்வாய்

ரெய்டு என்றதும் வருமான வரிக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று ருக்குமணி பயந்துவிட்டாள். என் மனைவிக்கு இந்த அளவில்தான் விஷயம் எட்டியிருக்கிறது. சமையலறையில் நின்று விளக்கினேன். இரண்டு டிஸ்க்கை மாட்டி, எதை எழுதினாலும் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுத வைப்பதுதான் ரெய்டு. ஒன்று செத்தால் மற்றது இருக்கும். செத்ததைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டால், உயிரோடு இருப்பதைப் பார்த்து அது தன்னை நிரப்பிக்கொள்ளும். இந்த வேலையைக் கம்ப்யூட்டரில் இருக்கிற சாஃப்ட்வேரே செய்தால் சாஃப்ட்வேர் ரெய்டு. அதற்கென்று தனியாக ஒரு கார்டு வாங்கி மாட்டினால் ஹார்ட்வேர் ரெய்டு.

அப்படியானால் எது நல்லது என்று கேட்டாள். கேட்டாளே ஒரு கேள்வி! வெளியே தெரியாமல் இந்த வீட்டில் நடக்கிற சண்டையே அதுதான்.

என் கட்சி சாஃப்ட்வேர். கார்டு கெட்டுப்போனால் அதே மாதிரி இன்னொரு கார்டு கிடைத்தால்தான் டிஸ்க்கைப் படிக்க முடியும். அதற்கு எங்கே போய் அலைவது? சாஃப்ட்வேர் என்றால் எந்த ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் டிஸ்க்கை மாட்டிப் படித்துவிடலாம். மாப்பிள்ளை கட்சி ஹார்ட்வேர். கார்டில் பேட்டரி இருக்கிறது, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் எழுதியது வீணாகாது, டிஸ்க் செத்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தும் என்கிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

இன்று காலை டிபனில் நான் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். சிரித்தார்.

"மாமா, சாஃப்ட்வேர் ரெய்டெல்லாம் காலேஜ் பசங்க வெளையாடறதுங்க. நாங்க வேலை பாக்கற எடத்துல அதத் தொடக்கூட மாட்டோமுங்க."

என்ன மரியாதை பாருங்கள், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க'. நானும் "சரிங்க மாப்ள" என்றேன். வேறென்ன சொல்வது? எங்கள் பக்கம் மாப்பிள்ளையிடம் மாமனார் எதிர்த்துப் பேசுவது கிடையாது. அவர் தப்பாகவே சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு, இன்னொரு தோசை வைக்கச் சொல்ல வேண்டும். சொன்னேன். ருக்குமணி இரண்டாக வைத்தாள்.

தாரணி ஒன்று கேட்டாள். இந்தப் பெட்டி வந்த பிறகும் தனியாக ஒரு காப்பி வைத்துக்கொள்ள வேண்டுமா என்று. தேவையே இல்லை, கார்டு பார்த்துக்கொள்ளும் என்றார் மாப்பிள்ளை. தேவையில்லை கண்ணு, சாஃப்ட்வேரில் போட்டாலும் அதுவே போதும் என்றேன் நான். காப்பி வேண்டும் என்று சொன்னால் என் முறைமேல் எனக்கே நம்பிக்கையில்லை என்று ஆகிவிடாதா? அவர் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான்.

மார்ச் 10, ஞாயிறு

பெட்டி வந்துவிட்டது. ஹார்ட்வேர்தான். யாரும் என்னிடம் கேட்கவில்லை.

இரண்டு டிஸ்க்கும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே கம்பெனிச் சரக்காக வாங்கி வந்திருக்கிறார். ஒன்றாகப் பிறந்தது ஒன்றாகவே போகும். மில்லில் பேரிங் மாற்றின எவனுக்கும் தெரியும். வேறு வேறு கடையில் வாங்கியிருக்க வேண்டும். நேராகச் சொல்லக்கூடாதே, அதனால் ருக்குமணியிடம் சொன்னேன், அவள் தாரணியிடம் சொன்னாள், தாரணி அவரிடம் சொன்னாள். பதில் அதே வழியில் திரும்பி வந்தது: "மாமா ரொம்ப யோசிக்கறாருன்னு சொல்லு."

நான் ரொம்ப யோசிக்கிறேனாம். வாய்க்கொழுப்பு. டைரியில்கூட 'அவன்' என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது, அவ்வளவு பழக்கிவிட்டார்கள் எங்களை.

மார்ச் 13, புதன்

ரத்த அழுத்தம் பார்த்தேன். எழுதவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

என் கம்ப்யூட்டரைக் காணோம்.

பின்னறையில் வைத்திருந்தேன். பழசுதான், ஆனால் நானே உட்கார்ந்து இரண்டு டிஸ்க் மாட்டி, சாஃப்ட்வேர் ரெய்டு போட்டு, தாரணியிடம் காட்டத் தயாராக வைத்திருந்தது. பெட்டிக்கு இடம் வேண்டும் என்று அறையைச் சுத்தம் செய்தவர் அதைத் தூக்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார். நான் காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில். கேட்டதற்கு, அது ஓடுமென்றே தெரியாதுங்க மாமா, தூசு பிடித்துக் கிடந்தது என்றார். பரவாயில்லீங்க மாப்ள என்றேன். அப்படிச் சொல்லும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பஸ் ஸ்டாண்டு வரை அந்த இரும்புக்காரனைத் தேடிப் போனேன். கிடைக்கவில்லை. தாரணியிடம் இதைச் சொன்னதும், விடுங்கப்பா வேற வாங்கிக்கலாம் என்றாள். வேறு வாங்கிக்கொள்ளலாமாம்!

மார்ச் 20, புதன்

தாரணி வீடியோ எல்லாவற்றையும் பெட்டிக்கு ஏற்றிவிட்டாள். போர்ட்டபிள் டிஸ்க்குகளில் இருந்ததை அழித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டாளாம், பரீட்சை வேலைக்கு வேண்டுமென்று கேட்டார்களாம். அதான் பெட்டியில் ரெண்டு எடத்துல இருக்குதேப்பா என்றாள். தனியாக ஒரு காப்பி எடுத்து வை என்று வாய் வரை வந்தது. ஆனால் தேவையில்லை என்று சொன்னவன் நான்தானே. மாப்பிள்ளையும் பக்கத்தில்தான் இருந்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

சந்தோஷத்தில் எனக்கு ஒரு பாடம் போட்டுக் காட்டினாள். எமில்டா டீச்சர் இரண்டு கையையும் விரித்து ஏதோ செய்தார். செடி மண்ணிலிருந்து தண்ணீர் உறிஞ்சுகிறதாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்லா இருக்குது கண்ணு என்றேன்.

மார்ச் 25, திங்கள்

பங்குனி உத்திரம். மாப்பிள்ளையும் தாரணியும் காலையிலேயே பெருந்துறைக்குக் கிளம்பிவிட்டார்கள், அவர் அப்பா வீட்டுக்கு. ருக்குமணி பாயசம் வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு என் அறையில் படுத்தேன்.

மத்தியானம் பின்னறையில் பெட்டி கத்த ஆரம்பித்தது. ஊதலும் அலறலுமாக, காது கிழிகிற சத்தம். போய்ப் பார்த்தால் ஒரு டிஸ்க்குக்கு நேராகச் சிவப்பு விளக்கு. வாங்கி மாதம்கூட ஆகவில்லை. முன்பக்கம் சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினேன். நின்றது.

"ஏனுங்க, உள்ள என்னமோ கத்துச்சுங்களே?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் ருக்குமணி.

யூபிஎஸ் என்று சொன்னேன். சத்தம் தாங்க முடியவில்லை, நிறுத்தினேன், அவ்வளவுதான். நாளைக்கு மாப்பிள்ளை வந்தால் பார்த்துக்கொள்வார். அவருடைய பெட்டிதானே.

இன்னொரு டிஸ்க் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.

மார்ச் 26, செவ்வாய்

மாப்பிள்ளை ஆபீஸ் முடிந்து சாயங்காலம் வந்தார். பின்னறைக்குப் போனார். கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தார். வெளியே வந்து, என் எதிரில் உட்கார்ந்து, நேற்றுக் கரண்ட் ஏதாவது போனதா என்று கேட்டார். இல்லீங்க மாப்ள என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரிங்க மாமா என்று எழுந்து போய்விட்டார்.

சிவப்பு விளக்குகூடக் கண்ணில் படாத ஆள். இவர் சர்வர் பார்க்கிறாராம்! கம்பெனிக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மார்ச் 29, வெள்ளி

காந்திபுரத்துக்குப் போய்ப் புது டிஸ்க் ஒன்று வாங்கி வந்தேன். அதே அளவு, வேறு கம்பெனி. எதற்கும் இருக்கட்டும். பீரோவில் வேட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். என்ன பொட்டலம் என்று ருக்குமணி கேட்டாள். டிஸ்க் என்றேன். அவளிடம் எதற்குப் பொய்?

ஏப்ரல் 2, செவ்வாய்

இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று? திடீரென்று மரியாதை கூடிவிட்டது. நான் ஹாலுக்கு வந்தால் எழுந்து நிற்கிறார். காபி டம்ளரைக் கையில் கொண்டுவந்து கொடுக்கிறார். கொடுத்துவிட்டுப் போகாமல் நிற்கிறார்.

"மாமா, எங்கிட்ட எதாச்சும் சொல்லோணுங்களா?"

ஒன்றுமில்லீங்களே மாப்ள என்றேன். உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்டேன். இல்லீங்க மாமா என்றார். அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. உதடு மட்டும் சிரித்தது. எனக்கும் சிரிக்கத் தெரியும். சிரித்தேன்.

ஏப்ரல் 6, சனி

பதினாலாம் தேதி ஞாயிறு வருஷப் பிறப்பு. சித்திரைக்கனிக்குச் சம்பந்தி சென்னியப்பன் குடும்பத்தோடு வருகிறார். போன் பண்ணிச் சொன்னார். மகன் ஏதோ பெரிய பெட்டி வைத்திருக்கிறானாமே, வந்து பார்க்கிறேன் என்று சொன்னார். வாங்க, அவசியம் பாருங்க என்றேன்.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் பின்னறைக்கு அழைத்துப் போக வேண்டும். நான் ஒன்றும் குறை சொல்லப்போவதில்லை. இந்தச் சிவப்பு விளக்கு எதற்குங்க மாப்ள என்று கேட்டால் போதும். அவர் விழிப்பார். அப்புறம் பீரோவிலிருந்து டிஸ்க்கை எடுத்துக் கொண்டுவந்து நானே மாட்டுவேன். அப்பாவும் பார்க்கட்டும் மகனுடைய லட்சணத்தை. தாரணியும் பார்க்கட்டும்.

ருக்குமணி இன்று மறுபடியும் கேட்டாள், யூபிஎஸ்ஸை யாராவது பார்த்தார்களா என்று. அதெல்லாம் சரியாகிவிட்டது என்றேன். இவளுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?

ஏப்ரல் 8, திங்கள்

எடிட் செய்யும்போது வீடியோ நடுவில் நின்று நின்று ஓடுகிறது என்றாள் தாரணி. நெட்வொர்க்கில் ஏதாவது இருக்கும், பார்க்கிறேன் என்றார் மாப்பிள்ளை. பார்த்தாரா தெரியாது.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. மிச்சமிருக்கிற டிஸ்க் திணறுகிறது. பீரோவைத் திறந்து பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஹால் வரை போனேன். மாப்பிள்ளை சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து போனில் யாரிடமோ, எங்க வீட்டில் மாமாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கும். தாங்காமல் எங்கே போகிறது.

ஏப்ரல் 10, புதன்

போய்விட்டது.

காலையில் தாரணி லேப்டாப்பைத் திறந்தாள், பெட்டி கத்தத் தொடங்கியது. அதே சத்தம். எல்லோரும் பின்னறைக்கு ஓடினோம். இரண்டும் சிவப்பு. தாரணி மேஜை முன்னால் உட்கார்ந்து லேப்டாப்பில் என்னென்னவோ தட்டிப் பார்த்தாள். எல்லாப் பாடமும் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"இதே சத்தந்தானுங்களே உத்தரத்தன்னிக்குங் கேட்டது. யூபிஎஸ்ஸுன்னு சொன்னீங்க?" என்றாள் ருக்குமணி.

நான் பீரோவுக்கு ஓடினேன். டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நான் திரும்பி வரவும், மாப்பிள்ளை தன் அறையிலிருந்து வரவும் சரியாக இருந்தது. அவர் கையிலும் ஒரு டிஸ்க். பிரிக்காத புது டிஸ்க். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். இரண்டையும் தாரணியின் மேஜைமேல் வைத்தோம். அப்போதும் அவர், நீங்க மொதல்ல வைங்க மாமா என்று வழிவிட்டார்.

தாரணி இரண்டையும் பார்த்தாள். இது எப்ப வாங்கினது என்று அவரிடம் கேட்டாள். உத்தரத்துக்கு மக்யா நாளே, இருபத்தாறாம் தேதி என்றார். என் பக்கம் திரும்பினாள். நான் வாயைத் திறப்பதற்குள், அப்பா வாங்கிப் பல நாளாச்சு கண்ணு, வேட்டிக்கடியில வெச்சிருந்தாரு என்றாள் ருக்குமணி.

தாரணிக்கு அப்போதும் பிடிபடவில்லை. தெரிந்திருந்தால் ஏன் மாட்டவில்லை என்று கேட்டாள். மாப்பிள்ளைதான் முதலில் பேசினார்.

"டிஸ்க்கு போன ஒடனே எனக்கு மெயில் வந்துருச்சு தாரணி. சத்தத்த நிறுத்துனதுக்கும் மெயில் வந்துச்சு. மாமாதான் நிறுத்தியிருப்பாருன்னு தெரியும். அவரா வந்து சொல்லட்டும்னு இருந்தேன்."

தெரியுமாம்! முதல் நாளிலிருந்தே தெரியுமாம். தெரிந்துகொண்டுதான் கரண்ட் போனதா என்று கேட்டிருக்கிறார், தெரிந்துகொண்டுதான் காபி கொடுத்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எவ்வளவு அழுத்தம் இருந்தால் ஒரு மனிதன் இப்படி வேடிக்கை பார்ப்பான்!

"நீங்கப்பா?" என்றாள்.

"அவுரு பொட்டி. அவுரே கேக்கட்டும்னு இருந்தேன் கண்ணு."

பெட்டி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. தாரணியின் கை இரண்டும் மேலே எழும்பி வேகவேகமாக ஏதோ சொல்லின, பிறகு மடியில் விழுந்தன. எனக்கு அந்த மொழி தெரியாது. மாப்பிள்ளைக்குத் தெரியும் போலிருக்கிறது. முகம் வெளுத்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் எப்போது கற்றுக்கொண்டார்?

"எமில்டா மிஸ்ஸோட கை அதுல இருந்துச்சுப்பா" என்றாள்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, சாஃப்ட்வேர் ரெய்டாக இருந்திருந்தால் இந்த நிலைமை வந்திருக்காது என்று சொல்லிவிட்டேன். ஒரே கடையில் வாங்கியதைப் பற்றியும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மாப்பிள்ளை உடனே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தமுங்க மாமா என்று ஆரம்பித்தார். முதன்முறையாக அவர் குரல் உயர்ந்தது. என் குரலும் உயர்ந்தது. வீட்டோடு மாப்பிள்ளை என்ற வார்த்தையை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்.

"ரெண்டுல எத வெச்சிருந்தாலும் நீங்க ரெண்டு பேரும் இப்பிடித்தான் உக்காந்திருப்பீங்க" என்றாள் தாரணி. அவள் கத்தவில்லை. எழுந்து போய்ப் பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

ஏப்ரல் 11, வியாழன்

செத்த டிஸ்க் இரண்டையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தாரணி சென்னைக்கு ரயில் ஏறிவிட்டாள். இப்படிப் போனதை மீட்டுத் தருகிற இடம் ஒன்று அங்கே இருக்கிறதாம். நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். மாப்பிள்ளையும் கேட்டார். அவரிடமும் அதே வேண்டாம்தான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைக்கனி. சம்பந்தி வந்தார். கண்ணாடிக்கு முன்னால் பழம், பூ, நகை எல்லாம் ருக்குமணி வைத்திருந்தாள். மருமகள் எங்கே என்று கேட்டார்கள். பள்ளிக்கூட வேலை என்றார் மாப்பிள்ளை. ஆமாங்க, பள்ளிக்கூட வேலை என்றேன் நான். பெட்டியைக் காட்டுடா என்று மகனைக் கேட்டார் சம்பந்தி. அறை பூட்டியிருக்கிறது, சாவி தாரணியிடம் என்றார் மாப்பிள்ளை. நானும் தலையை ஆட்டினேன்.

என் மகனை நீங்கள் பெற்ற பிள்ளை மாதிரி வைத்துக்கொள்கிறீர்கள் என்று சென்னியப்பன் என் கையைப் பிடித்துச் சொன்னார். கடித்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

ருக்குமணி காலையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. விருந்தாளிகள் எதிரில் மட்டும் ஏனுங்க, சாப்பிடுங்க என்றாள்.

ஏப்ரல் 19, வெள்ளி

தாரணி வந்தாள். ஒரு டிஸ்க்கில் உள்ளே சுற்றுகிற தட்டே சுரண்டிப் போய்விட்டது, ஒன்றும் வராது. இன்னொன்றிலிருந்து ஏழாம் வகுப்புப் பாடம் சிலது கிடைத்தது, அதுவும் துண்டு துண்டாக. ஒரு வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். எமில்டா டீச்சர் கையைத் தூக்குவதற்குள் படம் கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது. திரும்பத் திரும்ப அந்த இடத்தையே போட்டாள். நான் கதவருகில் நின்று பார்த்தேன். பெற்ற மகள் அழுகிறாள், உள்ளே போகக் கால் வரவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் எமில்டா டீச்சர் வீட்டிலேயே போய்த் தங்கப்போகிறாளாம். முதலிலிருந்து எடுக்க வேண்டும். அந்தம்மா மடங்குகிற விரலை வைத்து ஒவ்வொரு பாடமாகக் காட்டுவார், இவள் பழகிக் கேமரா முன்னால் செய்வாள். ஜூனுக்குள் ஆறாம் வகுப்பாவது முடிந்தால் பெரிது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் ஒன்றும் இல்லை. எடுப்பதை எல்லாம் தனித்தனி டிஸ்க்கில் போட்டுத் தனித்தனி வீட்டில் வைக்கப்போகிறாளாம். புதுப்பெட்டி ஒன்று நானே செய்து தருகிறேன் என்றார் மாப்பிள்ளை. நான் செய்து தருகிறேன் என்றேன் நான். இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் துணியை மடித்தாள்.

அவரும் பையை எடுத்தார். தாரணி தடுத்துவிட்டாள்.

"நீ இங்கயே இரு. நீ அப்பாவப் பாத்துக்க, அப்பா உன்னப் பாத்துக்குவாரு."

ருக்குமணியும் கிளம்பிவிட்டாள். பிள்ளைக்குச் சோறாக்கிப் போடவாவது ஓர் ஆள் வேண்டாமா என்றாள். எனக்கு யார் ஆக்கிப் போடுவது என்று கேட்டேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"மாப்பிள்ளைகிட்ட மறைச்சீங்க, சரி. பக்கத்துல படுத்திருக்கற எங்கிட்டயே யூபிஎஸ்ஸுன்னீங்களே."

ஆட்டோ திருப்பம் தாண்டும் வரை நானும் மாப்பிள்ளையும் கேட்டில் நின்றோம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

தாரணிக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. ருக்குமணி எடுத்தாள், பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

என் மகளை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. மூன்று வருஷம் வெயிலில் அலைந்து எடுத்தது. மாப்பிள்ளை அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். நான் சொல்லியிருந்தாலும்தான். ஆனால் கேட்டிருக்க வேண்டியவர் அவர். அவருடைய பெட்டி.

வீட்டில் சத்தமே இல்லை. அவர் அவர் அறையில், நான் இங்கே. இவ்வளவு நடந்தும் எதிரெதிரே வந்தால் வாங்க மாமா, சொல்லுங்க மாப்ள என்பது மட்டும் நிற்கவில்லை.

காலையில் மாப்பிள்ளை உப்புமா கிண்டினார். தட்டில் போட்டு, டம்ளரில் தண்ணீர் வைத்து, மாமா சாப்பிட வாங்க என்று கூப்பிட்டார். எதிரெதிரே உட்கார்ந்தோம். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, உப்பே போடவில்லை.

எப்படி இருக்குதுங்க மாமா என்று கேட்டார். நல்லா இருக்குதுங்க மாப்ள என்றேன்.

அவரும் ஒரு வாய் எடுத்துப் போட்டார். மென்றார். என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் கடைசி வரை சாப்பிட்டு முடித்தோம். உப்பு ஜாடி மேஜைமேல், இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருந்தது.